தொண்ணூற்றொன்பது ரூபாய்க் கோழியும் என் வீட்டுக்காரரும்

எனக்கும் என் வீட்டுக்காரருக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது என்று ஓசூரில் ஒரு பேச்சு கிளம்பியிருந்தது. கேட்டதும் எனக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது. இருபத்தைந்து வருஷமாக அந்த மனுஷனோடு குடித்தனம் பண்ணுகிறவள் நான். அவருக்கு எந்தப் பல் வலிக்கிறது என்று அவர் சொல்வதற்கு முன்னால் எனக்குத் தெரியும். பேச்சுவார்த்தை இல்லையாம்! கிளப்பிவிட்டது வேறு யாருமில்லை. என் மகள் கவிப்ரியாவைக் கட்டிக்கப்போகிற ஹரீஷ்குமாரின் அம்மா, சரோஜம்மாள்.

அந்த அம்மாளைச் சொல்லியும் குற்றமில்லை. பெண் பார்க்கும் சடங்கை ஓசூரில் என் தம்பி வீட்டில் வைத்தோம். அன்றைக்கு நான் மட்டும் இருந்தேன். சம்பந்தம் பேச அழைத்தபோது என் வீட்டுக்காரர் கிருஷ்ணப்பன் மட்டும் போனார். மாப்பிள்ளை வீட்டைப் பார்க்க மறுபடி நான் மட்டும். மூன்று தடவை பார்த்தும் எங்கள் இருவரையும் ஒரே இடத்தில் அவர்கள் பார்க்கவில்லை. சரோஜம்மாள் என் மகளையே கூப்பிட்டுக் கேட்டுவிட்டாள்.

"உங்கப்பனும் அம்மாளும் ஒரே வீட்லதானே இருக்காங்க? நெசத்த சொல்லு."

உண்மையைச் சொல்ல எங்களுக்கு வாயில்லை. கெலமங்கலத்துக்கு அந்தப் பக்கம் எங்கள் நிலத்தில் ஐயாயிரம் கோழி பிடிக்கிற ஷெட் இருக்கிறது. குஞ்சு கம்பெனியுடையது, தீவனம் கம்பெனியுடையது, மருந்து கம்பெனியுடையது. ஷெட்டும் கரண்டும் தண்ணீரும் தூக்கமும் எங்களுடையவை. இதற்கு முன்னால் கவிப்ரியாவைப் பார்க்க வந்த ஒரு குடும்பம், எங்கள் வாசலில் கார் கதவைத் திறந்து, மூக்கைப் பிடித்து, கதவை மூடி, அப்படியே போய்விட்டது. ஒரு டம்ளர் காபிகூடக் குடிக்கவில்லை. ஆகவே இந்தத் தடவை 'விவசாயம்' என்று மட்டும் சொல்லிவைத்தோம். ஹரீஷுக்கு எல்லாம் தெரியும். அவனும் கவிப்ரியாவும் ஒரே தொழிற்சாலையில் ஒரே ஷிப்ட், ஒரே பஸ். ஆனால் அவன் அம்மாவிடம் வாயைத் திறக்கிற ஜாதியில்லை.

ஒன்பது வருஷமாக நானும் அவரும் சேர்ந்து ஒரு பஸ் ஏறியதில்லை. ஷெட்டில் கோழி இருக்கும்வரை ஒருவர் இருந்தே ஆகவேண்டும். கரண்ட் போனால் ஃபேன் நிற்கும். ஃபேன் நின்ற அரைமணியில், சித்திரை வெயிலில், கோழிகள் வாயைப் பிளந்து வரிசையாகச் சாயும். அதற்குள் ஓடிப்போய் ஜெனரேட்டரைப் போட வேண்டும். என் வீட்டுக்காரர் ஷெட் வாசலிலேயே கட்டில் போட்டுப் படுக்கிறவர். ஆறு பெரிய ஃபேன் தலைமாட்டில் இரைந்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். சத்தம் நின்றால் அந்த நொடியே எழுந்துவிடுவார். கண் திறப்பதற்கு முன்னால் கால் ஓடத் தொடங்கியிருக்கும்.

அதனால் எங்கள் வீட்டில் பஞ்சாங்கத்தைவிடப் பெரியது கம்பெனிக் கேலண்டர். நாற்பது நாளில் கோழியைப் பிடித்துப்போக லாரி வரும். அதற்கு லிஃப்டிங் என்று பெயர். பிறகு ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, அடுத்த குஞ்சு வரும்வரை பதினைந்து நாள் இடைவெளி. காதுகுத்து, கிரகப்பிரவேசம், பல் பிடுங்குவது எல்லாம் அந்தப் பதினைந்து நாளுக்குள்தான். அப்போதும் ஷெட்டைக் கழுவ ஒருவர் நிற்பார், விசேஷத்துக்கு ஒருவர் போவார். என் மாமனார் செத்ததுகூட இடைவெளியில்தான். அவர் நல்ல மனுஷர்.

நிச்சயதார்த்தத்தையும் அப்படித்தான் கணக்குப் போட்டு வைத்தேன். வியாழக்கிழமை லிஃப்டிங். ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரையிலிருந்து பன்னிரண்டுக்குள் பாகலூர் ரோட்டில் ஒரு சின்ன மண்டபத்தில் நிச்சயம். சரோஜம்மாள் கறாராகச் சொல்லியனுப்பிவிட்டாள், பெண்ணைப் பெற்ற இரண்டு பேரும் சேர்ந்து நின்று தட்டைக் கொடுத்தால்தான் வாங்குவாளாம். இல்லையென்றால் இந்தச் சம்பந்தமே வேண்டாமாம். 'பார்க்கட்டும், ஜோடியாக நின்று காட்டுகிறேன்' என்று நான் அவருக்குப் பட்டு வேட்டிகூட எடுத்துவிட்டேன்.

புதன்கிழமை கம்பெனி சூப்பர்வைசர் எபினேசர் போன் பண்ணினார். அந்தப் பையன் 'அக்கா' என்று இழுத்தாலே ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம்.

"அக்கா... ஒரு சின்ன சேஞ்ச். ஓசூர்ல புதுசா சூப்பர் மார்க்கெட் தெறக்கறாங்கோ. சனி, ஞாயிறு, திங்கள் மூணு நாள் ஆஃபர். முழுக்கோழி தொண்ணூத்தொம்போது ரூபா. மொத லோடு ராயக்கோட்டை பக்கம் எடுத்துட்டோம். உங்களது திங்கக்கெழம விக்கறதுக்கு. ஞாயிறு காலைல ஆறு மணிக்கு லாரி."

"சார், ஞாயித்துக்கெழம எம் பொண்ணுக்கு நிச்சயம்!"

"ஆறு மணிக்கு டான்னு வரும்க்கா. எட்டுக்கெல்லாம் ஷெட் காலி. மாமா குளிச்சிட்டே வரலாம்."

டான்னு வருமாம். ஒன்பது வருஷத்தில் எந்த லாரி டான்னு வந்தது? அந்த லாரிக்குத் தெரிந்த ஒரே நேரம் அதுக்குத் தோன்றுகிற நேரம்.

ஞாயிறு விடிந்தது. ஆறு மணி, லாரி இல்லை. ஏழு மணி, லாரி இல்லை. "நீ பொண்ண கூட்டிக்கினு போ. நான் முடிச்சிட்டு பின்னாடியே வண்டில வந்துர்றேன்," என்றார் அவர். பட்டு வேட்டியைப் பையில் போட்டு மொபெட் ஹேண்டிலில் மாட்டிவிட்டு, கவிப்ரியாவையும் எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர் பத்துப் பேரையும் வேனில் ஏற்றிக்கொண்டு நான் கிளம்பினேன்.

மண்டபத்தில் ஒன்பதரைக்கெல்லாம் பந்தல், பாய், தேங்காய், புரோகிதர் எல்லாம் தயார். மாப்பிள்ளை வீட்டாரைத்தான் காணோம். பத்தாயிற்று. எனக்குள் ஒரு சந்தோஷம், அவர்கள் தாமதித்தால் இவர் வந்துவிடுவார் அல்லவா! பத்தரைக்கு வேன் வந்து நின்றது. சரோஜம்மாள் அரக்குப் பட்டில் இறங்கினாள். முகமெல்லாம் வெற்றி. பின்னாலேயே மாப்பிள்ளை, சித்தப்பா, அத்தை என்று பதினான்கு பேர். அத்தனை பேர் கையிலும் இரண்டிரண்டு பை.

"தப்பா நெனச்சிக்காதீங்க பீகரே," என்றாள். அவர்கள் வீட்டில் கன்னடம். சம்பந்தியைப் பீகரே என்பார்கள். "வர்ற வழில புது சூப்பர் மார்க்கெட்டு. ஆளுக்கு ரெண்டு கோழிதான் குடுப்பானாம். நாங்க பதினாலு பேரும் கியூல நின்னுட்டோம்! இருவத்தெட்டு! தொண்ணூத்தொம்போது ரூபாக்கு எங்கயாச்சும் கோழி கெடைக்குமா? சாயங்காலம் நம்ம வீட்ல பிரியாணி, நீங்களும் வரணும்."

நிச்சயத்துக்கு வருகிற வழியில், பட்டுப்புடவையோடு, குடும்பமே கோழிக்கு வரிசையில் நின்றிருக்கிறது! மாப்பிள்ளை கோட்டுப் போட்டுக்கொண்டு இரண்டு கோழியைப் பிடித்திருக்கிறான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது எனக்கு. அடுத்த கேள்வியில் அது அடங்கிவிட்டது.

"அண்ணா எங்க?"

"வந்துக்கினே இருக்கார்," என்றேன். ஒதுங்கிப்போய் போன் போட்டேன். அவர் மூச்சு வாங்கப் பேசினார். சென்னா என்றுதான் என்னைக் கூப்பிடுவார்.

"ஒம்போதரைக்குத்தான் லாரி வந்துச்சி. கோழி புடிக்க எட்டு ஆளு வரணும், மூணு பேருதான் வந்தான். மத்தவனெல்லாம் வேற ஷெட்டுக்குப் போயிட்டானாம். இன்னும் மூவாயிரத்துக்கு மேல இருக்குது சென்னா. புடிக்கறதுக்காக ஷெட்டுத் திரைய எறக்கி இருட்டாக்கியாச்சி, கோழியெல்லாம் மிரண்டு ஒரு மூலைல ஏறுது. வுட்டுட்டு வந்தா ஒண்ணு மேல ஒண்ணு ஏறிச் செத்துரும்."

திரும்பினால் சரோஜம்மாள் என் முதுகுக்குப் பின்னால் நிற்கிறாள்.

"வரமாட்டாரு. அப்படித்தானே? எனக்கு அப்பவே தெரியும். புருஷனும் பொண்டாட்டியும் ஒண்ணா நிக்காத வீட்டுல நான் பொண்ணு எடுக்க மாட்டேன். ஹரீஷு, பைய எடு."

ஹரீஷ் பையை எடுக்கவில்லை, கீழேயும் வைக்கவில்லை. நடுவில் நின்றான். கவிப்ரியா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் தண்ணீர் தளும்பி நின்றது. அவ்வளவுதான், ஒன்பது வருஷமாக அடக்கிவைத்தது எல்லாம் எனக்கு வாய்க்கு வந்துவிட்டது.

"எம் புருஷன பாக்கணும், அவ்ளோதானே? வாங்க! எல்லாரும் வேன்ல ஏறுங்க! ஐயரே, நீங்களும் ஏறுங்க, அந்தத் தட்டையும் எடுங்க! எம் புருஷன் எங்க இருக்கார், எதுக்கு இருக்கார்னு இப்பவே காட்டுறேன். பாத்துட்டு அப்புறம் வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க!"

நான் கத்திய கத்தலில் புரோகிதர்தான் முதலில் ஏறினார். "பன்னெண்டுக்கு எமகண்டம்மா," என்று மட்டும் முணுமுணுத்தார். மணி பத்து நாற்பது. முன்னால் எங்கள் வேன், பின்னால் அவர்கள் வேன், அதில் இருபத்தெட்டுக் கோழி. வழியில் ரயில்வே கேட் நல்லவேளை திறந்திருந்தது. பதினொன்று இருபதுக்கு எங்கள் நிலத்தில் இறங்கினோம். கதவைத் திறந்ததும் அந்த வாசனை வந்து எல்லார் முகத்திலும் அறைந்தது. சரோஜம்மாள் முந்தானையால் மூக்கை மூடினாள். நான் மூட விடுகிற நிலைமையில் இல்லை. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

ஷெட் வாசலில் எபினேசர் இரண்டு கையையும் விரித்து நின்றார்.

"அக்கா, ரூல்ஸ்! யாரா இருந்தாலும் செருப்ப கழட்டி தண்ணில கால் வெச்சிட்டுத்தான் உள்ள போணும்!"

வாசலில் ஒரு தொட்டியில் பர்மாங்கனேட் கலந்த ஊதாத் தண்ணீர் இருக்கும். வெளிக்கிருமி உள்ளே போகக்கூடாதாம். சூப்பர்வைசர் வருகிற நாளில் என் வீட்டுக்காரர் பயத்தில் இரண்டு பங்கு தூள் கொட்டிக் கலப்பார். ஆக, சரோஜம்மாள், சித்தப்பா, அத்தை, கோட்டுப் போட்ட மாப்பிள்ளை என்று பதினான்கு பேரும் வரிசையாக அதில் இறங்கி ஏறினார்கள். அந்தத் தண்ணீர் காயக் காயப் பழுப்பாகும். கொஞ்ச நேரத்தில் எல்லார் காலும் மருதாணி வைத்த மாதிரி ஆகிவிட்டது. புரோகிதர் மட்டும் வெளியே புங்கமரத்தடியில் நின்று, போனில் மணி பார்த்துப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். "பதினொண்ணு இருவத்தி அஞ்சு!"

உள்ளே என் வீட்டுக்காரர். லுங்கியைத் தூக்கிக் கட்டியிருக்கிறார், தலையெல்லாம் இறகு, ஒரு கைக்கு நாலு கோழி தலைகீழாகத் தொங்குகிறது. சம்பந்தியம்மாளைப் பார்த்ததும் கும்பிடுவதற்குக் கையைத் தூக்கினார். எட்டுக் கோழியும் சேர்ந்து மேலே வந்தன.

"வாங்கம்மா," என்றார் கோழிகளுக்கு நடுவிலிருந்து.

சரோஜம்மாள் முந்தானையை மூக்கிலிருந்து எடுத்தாள். சுற்றிப் பார்த்தாள். ஒரு கோழி அவள் காலடியில் அசையாமல் உட்கார்ந்திருந்தது. "இது ஏன் ஓட மாட்டேங்குது?" என்றாள்.

"ஓட முடியாதும்மா. நாப்பது நாள்ல ஒடம்பு வளந்துடும், காலு வளராது. நாலடி வெச்சா குந்திக்கும்," என்றார் அவர்.

அவள் குனிந்து அதைத் தூக்கினாள். இரண்டு கிலோ கனம். அது அவள் பட்டுப்புடவையில் சாய்ந்துகொண்டு 'கீச் கீச்' என்றது.

"இன்னாது, குஞ்சாட்டம் கத்துது?"

"குஞ்சுதான்," என்றேன். "நாப்பத்து மூணு நாளு. இன்னும் கோழிக் கொரலே வரல. உங்க வேன்ல இருக்கறதும் இதுதான், ராயக்கோட்டைல வளந்தது. இது நாளைக்கு அங்க போவும். ஒரு கோழிக்கு எங்களுக்கு ஒரு டீ குடிக்கற காசு வரும். செத்துட்டா அதுவும் புடிச்சிக்குவாங்க. அதுக்குத்தான் இந்த மனுஷன் இங்க நிக்கறார். ஒம்போது வருஷமா ஒருத்தர் உள்ள, ஒருத்தர் வெளிய. சண்டையா? சண்டை போடக்கூட எங்களுக்கு ஒண்ணா நேரம் கெடைக்கல!"

சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். சரோஜம்மாள் அந்தக் கோழியின் காலைத் தொட்டுப் பார்த்தாள். பிறகு அதை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்துவிட்டு, பட்டுப்புடவையை முழங்காலுக்கு மேல் தூக்கிச் செருகினாள்.

"இன்னும் எத்தன இருக்குது?"

"ஆயிரத்து எண்ணூறு இருக்கும்."

"ஹரீஷு! கோட்ட கழட்டு!"

ஐயோ, அப்புறம் நடந்ததை நான் எப்படிச் சொல்ல! ஹரீஷ் அதுவரை ஒரு வார்த்தை பேசாதவன், கோட்டைக் கழற்றியதும் வேறு ஆளாகிவிட்டான். தொழிற்சாலையில் அவன் லைன் லீடராம். "சித்தப்பா, நீங்க புடிக்க மட்டும் புடிங்க. அத்தை, நீங்க வாங்கிக் குடுங்க. கவி, நீ கூடைய மூடு. யாரும் எடத்த வுட்டு நகரக் கூடாது, கோழிதான் நகரணும்!" என்று ஷெட் முழுக்க ஒரு வரிசை அமைத்தான். கைமாறிக் கைமாறிக் கோழி போயிற்று. கல்யாணப்பெண் நெற்றிச்சுட்டியோடு பிளாஸ்டிக் கூடையை மூடினாள். சித்தப்பா ஒருவர் கோழியோடு கோழியாக இரண்டு தடவை விழுந்தார். அவரைத் தூக்கியவர் அவரையும் கூடைப்பக்கமே அனுப்பப் பார்த்தார். எபினேசர் எடை எழுதுகிற நோட்டை வைத்துக்கொண்டு, "இந்த டீம நான் பெர்மனென்டா எடுத்துக்கட்டுமா?" என்று கேட்டுக் கேட்டு மகிழ்ந்தார். அழுதுகொண்டு ஆரம்பித்த நான், வயிற்றைப் பிடித்துச் சிரித்துக்கொண்டே கோழி பிடித்தேன்.

"பதினொண்ணு நாப்பத்தஞ்சு!" என்று வெளியிலிருந்து குரல்.

"கடசி கூடை!" என்று உள்ளிருந்து குரல்.

லாரி கிளம்பியது. புங்கமரத்தடியில் காலிக் கூடை ஒன்றைக் கவிழ்த்து, அதன்மேல் ஜமுக்காளத்தை மடித்துப் போட்டு, தட்டை வைத்தோம். பட்டு வேட்டியைச் சுற்ற நேரமில்லை. லுங்கிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அவர் என் பக்கத்தில் வந்து நின்றார். புரோகிதர் லக்னப் பத்திரிகையை ஓட்டமாகப் படித்து முடித்தார். நானும் அவரும் தட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்தோம். "கொஞ்சம் கிட்ட நில்லுங்க," என்றாள் கவிப்ரியா, போனைப் பிடித்துக்கொண்டு. எவ்வளவு கிட்டே நிற்பது என்று அவருக்குத் தெரியவில்லை. நானே இழுத்து நிறுத்தினேன். பன்னிரண்டு அடிக்க மூன்று நிமிஷம் இருந்தபோது சரோஜம்மாள் தட்டை வாங்கிக்கொண்டாள். அவள் கொண்டையில் ஒரு வெள்ளை இறகு ஆடிக்கொண்டிருந்தது.

அந்த இருபத்தெட்டுக் கோழி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சாயங்காலம் பிரியாணி ஆயிற்று. சாப்பிட்டோம். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன். சரோஜம்மாள் மட்டும் தன் இலையில் குஸ்கா போதும் என்றாள்.

ஆனால் நான் சொல்ல வந்தது அது இல்லை. நிச்சயம் முடிந்து மண்டபத்துச் சாப்பாட்டுக்கு எல்லாரும் திரும்பிப் போனோம். ஷெட்டில் ஒரு கோழி இல்லை. என் வீட்டுக்காரர் குளித்து, பட்டு வேட்டி கட்டி, ஷெட் கதவைப் பூட்டி, பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, சம்பந்தி வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு ஒரே சீட்டில் நாங்கள் இருவரும்! எனக்குப் புதுப்பெண் மாதிரி கூச்சமாக இருந்தது. ஏதாவது பேசுவார் என்று திரும்பினேன். வேன் எங்கள் வரப்பைத் தாண்டவில்லை, அதற்குள் என் தோளில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். முன்சீட்டில் சரோஜம்மாள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள்.

"பாத்தீங்களா பீகரே, ஒத்துமைய!"

வேன் முழுக்கச் சிரிப்பு, பாட்டு, சித்தப்பா விழுந்த கதை. ரயில்வே கேட் இந்தத் தடவை மூடியிருந்தது. டிரைவர் வண்டியை நிறுத்தி இஞ்சினை அணைத்தார்.

சத்தம் நின்ற அந்த நொடியே என் வீட்டுக்காரர் துள்ளி எழுந்தார். தலை மேலே இடித்தது. கண் இன்னும் திறக்கவில்லை. "ஃபேனு நின்னுடுச்சி! சென்னா, ஃபேனு!" என்று கத்திக்கொண்டு பட்டு வேட்டியோடு சரோஜம்மாளின் காலை மிதித்து வேன் கதவை இழுத்தார். ஒரு கால் வெளியே வைத்துவிட்டார். நான் வேட்டியைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, வேனுங்க! கோழி போயிடுச்சி! ஷெட்டுல ஒண்ணும் இல்ல!"

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவரும் வெட்கப்பட்டுச் சிரித்தார். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்வது சட்டைக்கு மேலேயே தெரிந்தது. சரோஜம்மாள் மட்டும் சிரிக்கவில்லை. அவள் அவருடைய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அது இன்னும் ஜெனரேட்டர் கைப்பிடியைத் தேடுகிற மாதிரி மூடி மூடித் திறந்தது.

"டிரைவரே," என்றாள். "இஞ்சின ஆன் பண்ணுப்பா."

"ரயில் வர இன்னும் பத்து நிமிஷம் ஆவும்மா. டீசலு வீணாப் போவுது."

"போவட்டும். நான் குடுக்கறேன். ஓசூர் போய்ச் சேர்ற வரைக்கும் எங்கயும் அணைக்காத."

இஞ்சின் இரைந்தது. அவர் மறுபடி என் பக்கத்தில் உட்கார்ந்தார். ரயில் வருவதற்கு முன்பே தூங்கிவிட்டார்.